தண்ணீரில் மூழ்கும் நண்டுக்கு ஒரு வீடு

கடற்கரை மணலில் விளையாடும் குழந்தைகள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். வெறும் சங்கு என்று நினைத்துக் கையில் எடுத்தது, கால்களை நீட்டி நடக்கத் தொடங்கும். காலிச் சங்குக்குள் குடியேறி வாழும் துறவி நண்டு அது. ஆசையோடு அதை ஒரு பாட்டிலில் போட்டு, நண்டாயிற்றே என்று கடல்நீரையும் நிறைய ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சில நண்டுகள் மறுநாளே செத்துக் கிடக்கும். சரி, தண்ணீர்தான் தவறு என்று அடுத்த முறை காய்ந்த பெட்டியில் வைத்தாலும் சாகும். என்ன, கொஞ்சம் தாமதமாகச் சாகும்.

தண்ணீரில் விட்டாலும் மூச்சுத் திணறுகிறது. தண்ணீர் இல்லாவிட்டாலும் மூச்சுத் திணறுகிறது. அப்படியானால் இந்தப் பிராணிக்கு எங்கேதான் வீடு?

புதிரின் முதல் முடிச்சு எளிதில் அவிழும். துறவி நண்டுகளில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கடலுக்குள்ளேயே வாழ்பவை. கரையில் விட்டால் பிழைக்காது. இருபதுக்கும் குறைவான வகைகள் மட்டும் கடலை விட்டுக் கரையேறி, நிலத்து உயிர்களாக மாறிவிட்டன. இவை தரைத் துறவி நண்டுகள். சீனோபிட்டா என்பது இவற்றின் பேரினப் பெயர். தென்னையிலும் ஏறும் தேங்காய் நண்டும் இதே குடும்பம்தான். அமெரிக்காவில் கடலோரச் சுற்றுலா ஊர்களின் கடைகளில் செல்லப்பிராணியாக விற்கப்படுவது பெரும்பாலும் கரீபியக் கடல் தீவுகளின் சீனோபிட்டா கிளைப்பியாட்டஸ் என்ற வகை. அதன் உறவினங்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் இலங்கைக் கரையிலும் இலட்சத்தீவிலும் அந்தமானிலும் வாழ்கின்றன.

இரண்டாவது முடிச்சுதான் கடினமானது. கடைக்காரர் ஒரு கம்பிக் கூண்டையும், வண்ணம் பூசிய சங்குக்குள் இருக்கும் நண்டையும், ஒரு சிறு பஞ்சுத் துண்டையும், தீவனப் பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுப்பார். “பராமரிப்பே தேவையில்லை, அவ்வப்போது தண்ணீர் தெளித்தால் போதும்” என்பார். சில மாதங்களில் நண்டு இறந்துவிடும். அதன் ஆயுளே அவ்வளவுதான் என்று வாங்கியவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் இந்த நண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. முப்பது ஆண்டு எங்கே, சில மாதம் எங்கே? நடுவில் என்ன நடக்கிறது என்று விளங்கிவிட்டால், இதற்கு வீடு கட்டும் முறையும் தானாகவே விளங்கிவிடும்.

கரையேறிய செவுள்

நண்டு செவுளால் சுவாசிக்கிறது. செவுள் என்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்குள் இரத்தம் ஓடும். வெளியே நீர் ஓடும். நீரில் கரைந்த ஆக்சிஜன் தகட்டின் தோல் வழியே இரத்தத்தில் கலக்கும். நீருக்குள் இருக்கும்வரை தகடுகள் மிதந்து விலகி நிற்கின்றன. காற்றுக்கு வந்ததும் ஈரத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுவாசப் பரப்பு சுருங்குகிறது. பிறகு ஈரமும் காய்கிறது. கடல் நண்டு கரையில் சாவது இதனால்தான்.

கரையேறிய நண்டுகளில் இதற்கு மாற்று ஏற்பாடுகள் உருவாகியிருக்கின்றன. செவுள் சிறுத்திருக்கிறது. செவுள் இருக்கும் அறையின் உட்சுவரில் இரத்தக் குழாய்கள் பின்னிப் படர்ந்து, அதுவே ஒருவகை நுரையீரலாகிவிட்டது. சீனோபிட்டா நண்டுகளில் இன்னொன்றும் உண்டு. சங்குக்குள் சுருண்டிருக்கும் மெல்லிய வயிற்றின் மேல்தோல் சுருக்கங்களோடும் நுண்ணிய குழாய்களோடும் அமைந்து, அதுவும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கிறது. வயிற்று நுரையீரல் என்று அதைச் சொல்லலாம். ஃபாரெலி, கிரீனவே என்ற இரு ஆய்வாளர்கள் இந்த உறுப்புகளின் குழாய்ப் பின்னலை விரிவாக ஆராய்ந்து 2005இல் விவரித்தார்கள். சங்கைத் துறந்து வாழும் வளர்ந்த தேங்காய் நண்டில் செவுளறை நுரையீரல் பெரிதாக இருக்கிறது. சங்கோடு வாழும் சீனோபிட்டாவிலோ வயிறுதான் முக்கியமான சுவாசப் பரப்பு. ஒரே குடும்பத்தின் இரு கிளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சங்கின் பங்கு தெளிவானது.

இதில் ஒரு கட்டாயம் ஒளிந்திருக்கிறது. செவுளானாலும் நுரையீரலானாலும், ஈரமான பரப்பின் வழியே மட்டும்தான் ஆக்சிஜன் உள்ளே போகும். நம் நுரையீரல் உடலுக்குள் ஆழமாகப் புதைந்திருப்பதால் காய்வதில்லை. நண்டின் சுவாசப் பரப்போ வெளிக்காற்றுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே சுற்றியுள்ள காற்றே ஈரமாக இருந்தாக வேண்டும். அதே நேரம், அந்த உறுப்புகள் இப்போது காற்றுக்குப் பழகிவிட்டவை. ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும். அது இந்த நண்டுக்குப் போதாது. நெடுநேரம் மூழ்கினால் மூச்சு முட்டிச் சாகும்.

கடலை விட்டு வந்தாலும் இது நீரை விடவில்லை. நீரை நான்கு இடங்களில் பிரித்து வைத்துக்கொண்டு வாழ்கிறது: காற்றில், மணலில், குட்டைகளில், சங்குக்குள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் அதை ஈடுசெய்யாது. நண்டுக்கு வீடு கட்டுவது என்றால் இந்த நான்கையும் ஒரே தொட்டிக்குள் அமைப்பதுதான்.

காற்றில் உள்ள நீர்

கம்பிக் கூண்டு ஏன் ஆகாது என்பது இப்போது புரிந்திருக்கும். நாள் முழுக்கத் தெளித்தாலும் அந்த ஈரம் கம்பி வழியே அறைக்குள் கரைந்துபோகும். கண்ணாடி மீன்தொட்டியும் அதன்மேல் நன்றாகப் பொருந்தும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மூடியும் வேண்டும். இரண்டு மூன்று சிறிய நண்டுகளுக்குக் குறைந்தது 40 லிட்டர் தொட்டி. நண்டு வளர வளர இன்னும் பெரிது. மூடியைப் போட்டுவிட்டால் மணலிலிருந்தும் நீர்க்கிண்ணங்களிலிருந்தும் ஆவியாகும் நீர் தொட்டிக்குள்ளேயே தங்கும். ஓரத்தில் சிறிய இடைவெளி இருந்தால் காற்று மாறுவதற்குப் போதும்.

எவ்வளவு ஈரம் தேவை? இங்கே ஒப்பு ஈரப்பதம் என்ற கருத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதுதான் அது. வெப்பம் கூடக்கூடக் காற்று தாங்கும் அளவும் கூடும். அதனால் காய்ந்த பெட்டிக்கு விளக்கைப் போட்டுச் சூடேற்றினால், உள்ளே இருக்கும் நீராவி அப்படியே இருந்தும் ஒப்பு ஈரப்பதம் இறங்கிவிடும். நண்டுக்குக் கதகதப்பு தருகிறோம் என்று நினைத்து அதை உலர்த்திக்கொண்டிருப்போம். தரைத் துறவி நண்டுக்கு 75 முதல் 85 சதவீத ஒப்பு ஈரப்பதமும், 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வெப்பமும் வேண்டும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் வெப்பத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏசி ஓடும் அறைதான் கவலை. அது காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள நீரையும் பிழிந்து வெளியே விட்டுவிடுகிறது. குளிர்நாடுகளில் வளர்ப்பவர்கள் தொட்டியின் பக்கச் சுவரில், மணல்மட்டத்துக்கு மேலே, வெப்பத்தகடு ஒட்டுவார்கள். அடியில் ஒட்டக்கூடாது. சூடு தாங்காத நண்டு கீழே தோண்டித்தான் தப்பிக்கும். அங்கேயும் சூடு என்றால் அதற்குப் போக்கிடம் இல்லை.

கண்ணாடியில் முத்து முத்தாக நீர் படிந்திருப்பதை வைத்து ஈரத்தைக் கணிக்க முடியாது. ஈரப்பதமானி ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். மலிவான கருவிகள் பத்துச் சதவீதம்வரைகூடத் தவறு காட்டும். அதைச் சோதிக்கச் சமையலறையிலேயே வழி இருக்கிறது. ஒரு சிறு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் நசநசவென்று ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றில் நீராவி கூடினால் உறிஞ்சும், குறைந்தால் வெளிவிடும். இரண்டும் சமன்படும் இடம் அறை வெப்பநிலையில் எப்போதும் ஏறக்குறைய 75 சதவீதம். காலையில் உங்கள் கருவி 68 காட்டினால் அது ஏழு புள்ளி குறைத்துக் காட்டுகிறது என்று அறிந்துகொள்ளலாம். நண்டின் உயிர் இந்த எண்ணில் தொங்குவதால் ஓர் இரவைச் செலவிடுவது தகும்.

ஈரக்காற்று மூச்சுக்கு மட்டும் அல்ல, மோப்பத்துக்கும் வேண்டும். ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தின் குழு ஒன்று, கரீபியத் துறவி நண்டின் சிறு உணர்கொம்புகளில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்து 2012இல் வெளியிட்டது. வாசனையோடு ஈரமும் சேர்ந்து வரும்போதுதான் உணர்கொம்பு நன்றாக விழித்துக்கொண்டது. உலர்காற்றில் வந்த வாசனைக்கு அது மந்தமாகவே இருந்தது. இரவில் இரை தேடும் பிராணிக்கு மூக்கு எவ்வளவு முக்கியம்! காய்ந்த கூண்டில் இருக்கும் நண்டு மூச்சுக்குத் திணறுவதோடு, தன் முன்னால் இருக்கும் உணவையும் சரியாக உணராமல் கிடக்கிறது.

மணலில் உள்ள நீர்

கடையில் தரும் கூண்டில் அடியில் இரண்டு விரற்கடை கூழாங்கல் இருக்கும். நண்டின் வாழ்வில் மிகப் பெரிய ஆபத்தைக் கடக்க அதற்கு அங்கே இடமே இல்லை. அந்த ஆபத்தின் பெயர் சட்டை உரித்தல்.

நண்டின் மேலோடு வளராது. உடல் வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை உருவாக்கிக்கொள்ள வேண்டும். இதற்குச் சுமந்துசெல்லும் சங்கு கணக்கில் வராது. அது நத்தையின் ஓடு. நண்டுக்கே உரிய ஓடு அதன் கால், இடுக்கி, முதுகு, கண்காம்புகளைக்கூட மூடியிருக்கிறது. உரிக்கும் காலம் நெருங்கும்போது நண்டு நிறைய நீர் குடித்துச் சேமிக்கும். மணலைத் தோண்டிக் கீழே போய், தன்னைச் சுற்றி ஒரு சிறு குகை அமைத்துக்கொள்ளும். அங்கே இருட்டில் பழைய ஓடு பிளக்கும். உடல் நழுவி வெளியே வரும். புதிய தோல் அப்போது ஈரத்தாளின் உறுதிகூட இல்லாதது. சேமித்த நீரால் உடலை உப்பவைத்து, தோலைப் பெரிய அளவுக்கு விரித்த பிறகு அது மெல்ல இறுகத் தொடங்கும். இறுகுவதற்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். அதற்காகத் தான் கழற்றிய ஓட்டையே நண்டு கடித்துத் தின்னும். சிறிய நண்டுக்கு இதெல்லாம் முடியச் சில வாரங்கள் ஆகும். பெரியதற்கு இரண்டு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். உடைந்துபோன கால்கூட இந்தச் சமயத்தில் மீண்டும் முளைத்துவிடும்.

இந்த நாட்களில் நண்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பக்கத்தில் இருக்கும் மற்ற நண்டுகளே வாசனை பிடித்து வந்து தின்றுவிடும். ஆழம் வேண்டியது இதனால்தான். தொட்டியின் மணல் குறைந்தது 15 சென்டிமீட்டர். பெரிய நண்டு இருந்தால் அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு. ஐந்து பங்கு மெல்லிய மணலுக்கு ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள் என்பது வளர்ப்பவர்கள் பலரும் பின்பற்றும் கலவை. நார்த்தூள் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மணல் உருவத்தைப் பிடித்துவைக்கும்.

எவ்வளவு ஈரம் என்பதற்கு நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் புட்டுக்கு மாவு விரவும் பதமே அளவுகோல். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. அதைவிடக் காய்ந்தால் நண்டு தோண்டும் குகை அதன் தலைமேலேயே சரியும். அதைவிட ஈரமானால் அடியில் நீர் தேங்கி, மணல் அழுகி நாற்றமெடுத்து, உரித்துக்கொண்டிருக்கும் நண்டு அங்கேயே மாண்டுபோகும். தண்ணீரை நேராக மணலில் ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

புதிதாக வந்த நண்டு சில நாட்களிலேயே மணலுக்குள் மறைந்துவிடுவது வழக்கம். செத்துவிட்டதோ என்று பதறித் தோண்டிப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் அதைக் கொன்றுவிடுகிறார்கள். குகை ஒருமுறை உடைந்தால் அந்த மென்மையான உடலுக்கு மறுபடி குகை கட்டும் வலு இல்லை. மேலே ஈரப்பதம் சரியாக இருந்து, மணலிலிருந்து கடும் அழுகல் நாற்றம் எழாதவரை, எத்தனை வாரமானாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

குட்டைகளில் உள்ள நீர்

தொட்டிக்குள் இரண்டு நீர்க்கிண்ணங்கள் வேண்டும். ஒன்றில் நன்னீர், ஒன்றில் கடல் உப்புநீர். ஏன் இரண்டு என்ற கேள்விக்கு விடை தீவுகளில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. வாரன் கிராஸ் என்ற அமெரிக்க உடலியலாளர், வறண்ட பசிபிக் பவளத்தீவு ஒன்றில் தரைத் துறவி நண்டுகளின் உடல்நீரில் உள்ள உப்பை அளந்து 1964இல் எழுதினார். கரீபியக் கடலின் குராசாவ் தீவில் டி வில்டே என்ற டச்சு ஆய்வாளர் கிளைப்பியாட்டஸ் நண்டின் நீர்க்கணக்கை ஆராய்ந்து 1973இல் நூலாக வெளியிட்டார்.

நம் உடலில் உப்பு கூடினால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இந்த நண்டுகளுக்கு அந்தத் திறன் குறைவு. அதற்குப் பதிலாக அவை தேர்ந்தெடுக்கின்றன. உடலில் உப்பு மிகுந்தால் நன்னீரைத் தேடிப் போகின்றன. குறைந்தால் உப்புநீரைத் தேடிப் போகின்றன. இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிச் சங்குக்குள் கலந்துவைத்துக்கொள்கின்றன. நடத்தையாலேயே உடலின் வேதியியலைச் சமன்செய்கிற அருமையான வழி இது. ஒரு கிண்ணத்தை எடுத்துவிட்டால் நண்டுக்குத் தேர்வு இல்லை. தேர்வு இல்லையென்றால் சமநிலையும் இல்லை.

உப்புநீருக்குச் சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு. கடல்மீன் தொட்டிகளுக்கென்று விற்கும் உப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கரைத்தால் கடல்நீரின் அளவு வந்துவிடும். குழாய்நீரில் உள்ள குளோரின் செவுளைப் புண்ணாக்கும். மீன் வளர்ப்போர் பயன்படுத்தும் குளோரின் நீக்கியை இரண்டு கிண்ணத்துக்கும் சேருங்கள். செம்புப் பாத்திரம் வேண்டாம்; நண்டு, இறால் இனங்களுக்குச் செம்பு நஞ்சு. நண்டு முழுதாக அமிழ்ந்து சங்குநீரை மாற்றும் ஆழம் இருக்கட்டும். ஆனால் ஏறி வெளியே வரக் கற்களோ வலைத்துண்டோ கட்டாயம் வேண்டும். அந்தப் படி இல்லாத கிண்ணம் அதற்குச் சாவுக்குழி.

சங்கில் உள்ள நீர்

துறவி நண்டின் வயிறு மற்ற நண்டுகளுடையதைப் போல ஓட்டால் மூடப்பட்டது அல்ல. மென்மையானது, வலப்பக்கமாகச் சுருண்டது. நத்தைகளில் மிகப் பெரும்பாலானவை வலம்சுழித்த ஓடுடையவை என்பதால் அந்தச் சுழலுக்கு ஏற்றபடி இந்த உடல் அமைந்திருக்கிறது. வால்நுனியில் உள்ள சிறு கொக்கிகளால் நண்டு சங்கின் நடுத்தண்டைப் பற்றிக்கொள்ளும். வலிந்து இழுத்தால் உடல் இரண்டாகக் கிழியுமே தவிரப் பிடியை விடாது. எந்தக் காரணத்துக்காகவும் இழுக்காதீர்கள்.

சங்கு இதற்குக் கவசம் மட்டும் அல்ல. உள்ளே எப்போதும் ஒரு சிறு அளவு நீர் இருக்கும். அந்த நீர்தான் செவுளையும் வயிற்று நுரையீரலையும் நனைத்துக்கொண்டிருக்கிறது. பொருந்தாத, வாய் அகன்ற, ஓட்டை விழுந்த சங்கில் நீர் நிற்காது. எனவே சங்கின் பொருத்தம் மூச்சின் கேள்வி.

நல்ல சங்கு நண்டுகளுக்கு எவ்வளவு அரியது என்பதை இரு ஆய்வுகள் அழகாகக் காட்டின. இவான் சேஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரும் அவருடைய துணையாளர்களும் 1988இல், மனிதரின் வீட்டு மாற்றத்தை விளக்கப் பயன்பட்ட காலியிடச் சங்கிலி என்ற கருத்தைத் துறவி நண்டுகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு பெரிய சங்கு காலியானால் அதில் ஒரு நண்டு புகும்; அது விட்டுவந்த சங்கில் அடுத்தது புகும்; அது விட்டதில் அதற்கடுத்தது. ஒரு காலியிடம் பல நண்டுகளுக்கு நன்மை தருகிறது. பெலீஸ் நாட்டில் ராண்டி ராட்ஜன் குழு இதை நேரிலேயே பார்த்து 2010இல் எழுதியது. பொருத்தமான சங்கு கிடைக்காத நண்டுகள் காலிச் சங்கின் அருகே காத்திருந்து, பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக நின்று, ஒரே சமயத்தில் அனைத்தும் வீடு மாறிக்கொண்டன.

இன்னும் வியப்பானது கோஸ்டாரிகாவின் ஓசா தீபகற்பத்தில் மார்க் லெய்ட்ரி கண்டது. அங்குள்ள தரைத் துறவி நண்டுகள் சங்கின் உட்புறத்தைத் தேய்த்தும் அரித்தும் நடுத்தண்டையே நீக்கிவிடுகின்றன. சங்கு எடை குறைந்து, உள்ளிடம் பெருகிவிடுகிறது. இப்படித் திருத்தப்பட்ட சங்குகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன. வளர்ந்த நண்டுகள் இவற்றையே நம்பியிருக்கின்றன என்று அவர் 2012இல் எழுதினார். 2019இல் அவரும் அவருடைய மாணவியும் வெளியிட்ட ஆய்வில், இறந்த துறவி நண்டின் சதைத்துண்டின் வாசனைக்கு மற்ற நண்டுகள் விரைந்து திரண்டன. ஒரு சாவு என்றால் எங்கோ ஒரு வீடு காலியாகிறது என்று பொருள்.

தொட்டிக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்: ஒரு நண்டுக்கு மூன்று முதல் ஐந்து காலிச் சங்குகளாவது வைக்க வேண்டும். இப்போது அணிந்திருப்பதற்குச் சமமானது சில, சற்றுப் பெரியவை சில. கரீபிய நண்டுக்கு வட்ட வாயுள்ள சங்குகள் பிடிக்கும். எல்லாம் வண்ணம் பூசாதவையாக இருக்கட்டும். பூச்சு உரிந்து நீரில் கலக்கும்; சுண்ணாம்புச்சத்து தேடி ஓட்டைக் கடிக்கும் நண்டின் வயிற்றுக்கும் போகும். வளர்ப்புக்கென்று பெறும் சங்குகளை வெந்நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு வையுங்கள். நம் கடற்கரையில் கிடக்கும் சங்கை அள்ளிவராதீர்கள். அங்கே வீடில்லாமல் வரிசையில் நிற்கும் நண்டு ஒன்று நிச்சயம் இருக்கும்.

உணவும் துணையும்

உணவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது எதையும் தின்னும். ஆனால் ஒன்றையே தின்னாது. ராபர்ட் தாக்கர் 1996இல் செய்த சோதனையில், சற்று முன் தின்ற உணவை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத்தான் நண்டுகள் தேடிப் போயின. பலவகைச் சத்தும் கிடைக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு அது. ஒரே தீவனப் பொட்டலம் போதாது. பழம், கீரை, தேங்காய், உப்பில்லாத மீன், ஓட்டோடு இறால், காய்ந்த இலை, மரப்பட்டை என்று மாற்றி மாற்றி வையுங்கள். சுண்ணாம்புச்சத்துக்கு முட்டை ஓட்டுத்தூள் தரலாம்; நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓடும் மிக நல்லது. பூச்சிமருந்து பட்ட காய், இலை எதுவும் வேண்டாம். பூச்சியைக் கொல்லும் நஞ்சு நண்டையும் கொல்லும்.

இயற்கையில் இவை கூட்டமாக வாழ்பவை, மரமேறுபவை, இரவில் நடமாடுபவை. ஒற்றையாக அடைக்காதீர்கள். ஏறுவதற்குக் கிளையும் வலையும், ஒளிவதற்குத் தேங்காய்ச் சிரட்டையும் வையுங்கள். பகலில் வெளிச்சமும் இரவில் முழு இருட்டும் இருக்கட்டும். கையில் எடுத்து விளையாடுவது நமக்கு மகிழ்ச்சி, அதற்கு அச்சம்.

அது எங்கிருந்து வருகிறது

இவ்வளவையும் செய்ய ஒருவர் அணியமாகிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பெண் நண்டு முட்டைகளைக் கடலோரத்தில் விடுகிறது. பொரியும் இளவுயிரிகள் வாரக்கணக்கில் திறந்த கடலில் மிதந்து, பல உருமாற்றங்களைக் கடந்து, தங்களுக்கேற்ற சிறு சங்கைக் கண்டடைந்து கரையேறுகின்றன. இந்தக் கடற்பருவத்தைத் தொட்டியில் நடத்திக்காட்டுவது மிகமிகக் கடினம். சில ஆர்வலர்கள் அரும்பாடுபட்டுச் சில குஞ்சுகளை வளர்த்திருக்கிறார்கள். வணிக அளவில் இனப்பெருக்கம் நடப்பதில்லை. ஆகவே கடையில் இருக்கும் நண்டு ஏறத்தாழ எப்போதும் ஒரு தீவின் கரையிலிருந்து பிடிக்கப்பட்டது. மெல்ல வளரும் இனம் என்பதால் உள்ளங்கையை நிரப்பும் நண்டு பல ஆண்டுகள் வாழ்ந்ததாகவே இருக்கும். ஜப்பான் 1970இலேயே தரைத் துறவி நண்டுகளை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டது. இந்தியாவில் தேங்காய் நண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

துறவி நண்டுக்கு வலிக்குமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட், மிர்யம் அப்பெல் இருவரும் கடல் துறவி நண்டுகளின் சங்குக்குள் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் அனிச்சைச் செயலாக இருந்தால் எல்லா நண்டும் ஒரே மாதிரி வெளியே பாய்ந்திருக்க வேண்டும். பிடிக்காத வகைச் சங்கில் இருந்தவை எளிதில் வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவை அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு தங்கின. துன்பத்தையும் வீட்டின் மதிப்பையும் அவை எடைபோட்டன என்பதே 2009இல் வெளிவந்த அந்த முடிவின் சாரம். இத்தகைய சான்றுகள் திரண்டு வந்ததால்தான் பிரிட்டன் 2022இல் நண்டு, இறால் இனங்களையும் உணர்வுள்ள விலங்குகள் என்று சட்டத்தில் ஏற்றது.

வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே ஒரு நண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் கதை வேறு. எந்தத் தீவிலிருந்து வந்தது என்று தெரியாத நண்டை ஏதோ ஒரு கரையில் விட்டுவிடக்கூடாது. அது அங்கே அந்நியமான வகையாகவும், நோயைச் சுமந்துசெல்வதாகவும் இருக்கலாம். மூடியையும் ஆழ்மணலையும் இரண்டு கிண்ணங்களையும் சங்குகளையும் இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள். வீடு சரியாக அமைந்ததா என்பதற்கு நண்டே சான்று தரும்: மணலுக்குள் போய், பல வாரம் கழித்துப் பளிச்சென்ற புதிய ஓட்டோடு ஏறிவந்து, உடனே பெரிய சங்கைத் தேடும்.

இனி வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் தொட்டியை மட்டும் கட்டுங்கள். மணலை விரவுங்கள், கிண்ணங்களை நிரப்புங்கள், உப்பால் சோதித்த ஈரப்பதமானியை உள்ளே வைத்து மூடுங்கள். நண்டு இல்லாத அந்தத் தொட்டியை ஒரு மாதம் கவனியுங்கள். பகலிலும் இரவிலும், ஏசி ஓடும்போதும் மின்சாரம் போனபோதும், எண் 75க்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இதைச் செய்யச் சலிப்பாக இருந்தால், முப்பது ஆண்டு செய்ய நம்மால் முடியாது என்பது அப்போதே தெரிந்துவிடும். ஒரு நண்டும் அதன் கரையிலேயே இருந்துகொள்ளும்.